கொழும்பில் போட்டோ எடுக்க யாரைப் பிடிக்கலாம்: ஸ்டூடியோவா, இன்ஸ்டாகிராம் பெடியனா, டொலர் தளமா?

"ஆடிவேலுக்கு வாறம். ஒரு நல்ல போட்டோகிராபரையும் பிடிச்சு வை. கலியாண ஷூட் மாதிரி வேண்டாம். சும்மா ஊர் சுத்துற மாதிரி, ஆனா வடிவா இருக்கோணும்."

கொழும்பின் முருகன் தேர்த்திருவிழாவான ஆடிவேலுக்கு வரவிருக்கும் மச்சாள் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து அனுப்பிய வட்ஸ்அப். அந்தச் 'சும்மா'வுக்குத்தான் விலை அதிகம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

வெள்ளவத்தையில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேலை. விடுமுறை தொடங்கினால் லண்டன், மெல்பேர்ன், டொரொண்டோ எல்லாம் நம் வீட்டு வாசலில்தான் செருப்புக் கழற்றும். முன்பெல்லாம் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் வாங்கி வைக்கச் சொல்வார்கள். இப்போது போட்டோகிராபர். கடந்த சில வருடங்களில் மூன்று விருந்தாளிக் கூட்டங்களுக்கு மூன்று விதமாக ஆள் பிடித்துக் கொடுத்ததில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.

ஆளைப் பார்ப்பதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும். கொழும்பு மேற்கே கடலைப் பார்த்த ஊர். காலை வெளிச்சம் நிலப்பக்கத்தில் இருந்து வரும், மாலை வெளிச்சம் கடலில் இருந்து வரும். அதனால் புறக்கோட்டையும் சுதந்திர சதுக்கமும் காலைக்கு, காலிமுகத்திடலும் கல்கிசையும் மாலைக்கு. வருடம் முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் சரிந்து சரிந்து போகாமல் நேராக இறங்கிவிடும், மறைந்து அரை மணி ஆவதற்குள் இருட்டு. மாலையில் நல்ல வெளிச்சம் ஒரு மணித்தியாலம் கிடைத்தாலே அதிகம். 5 மணிக்கு வருகிறேன் என்றவர் காலி வீதி நெரிசலில் சிக்கி 5.40க்கு இறங்கினால், நீங்கள் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு பஸ்களுக்குப் பின்னால் போய்விட்டது.

இனி ஆட்கள்.

முதலில் ஸ்டூடியோ. பெரியம்மா குடும்பம் 16 பேராக வந்து இறங்கியபோது எங்கள் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றைத்தான் பிடித்தேன். இரண்டு கமரா, ஒரு உதவியாள், வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளித் தட்டு, பில், கடை முகவரி. பிரச்சினை வந்தால் போய் நின்று கேட்க ஒரு வாசல் இருக்கிறது, அது பெரிய ஆறுதல். கூட்டத்தை நிறுத்துவதில் இவர்களை அடிக்க ஆளில்லை. யார் உயரம், யார் யாரோடு கதைப்பதில்லை என்பதையெல்லாம் ஒரு பார்வையில் பிடித்துவிட்டு, 16 பேரையும் ஐந்து நிமிடத்தில் மூன்று வரிசையாக்கினார் அந்த மனிதர். சாமத்திய வீடுகளில் பெற்ற பயிற்சி.

அந்தப் பயிற்சியேதான் அவர்களுடைய குறையும்கூட. காலிமுகத்திடலில் நின்றாலும் அவர்களுக்கு அது மணவறைதான். "நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ, தலையை இஞ்சால சாயுங்கோ, சிரியுங்கோ, பல்லுத் தெரியாம." பின்னால் பட்டம் விடுகிற பிள்ளைகளும் இறால் வடை வண்டியும் இருக்க, அவற்றையெல்லாம் மங்கலாக்கிவிட்டு முகங்களை மட்டும் எடுத்தார். அதற்குக் காலிமுகத்திடல் எதற்கு, எங்கள் வீட்டு மொட்டைமாடியே போதுமே. படங்கள் சொன்ன திகதிக்கு வந்தன. ஆல்பத்தைத் திறந்த பெரியம்மா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "என்ர மச்சம் எங்க?" இடது கன்னத்தில் 70 வருடமாக இருந்த மச்சத்தைக் கணினியில் துடைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரு நிறமாக, ஒரே மாவில் பிடித்த கொழுக்கட்டை மாதிரி இருந்தோம். ஸ்டூடியோவைப் பிடிப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டியது: தோலை வெள்ளையாக்க வேண்டாம், மச்சம், தழும்பு, நரை எதிலும் கை வைக்க வேண்டாம். சொன்னால் கேட்பார்கள். சொல்லாவிட்டால் அதுதான் அவர்களுடைய வழக்கம்.

அடுத்தது இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் தனி ஆள். போன தடவை மச்சாளும் மாமியும் வந்தபோது பிடித்தவர் மருதானைப் பெடியன், வயது 25க்குள் இருக்கும். ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஒரு துணிப்பை, அவ்வளவுதான். ஸ்டூடியோ கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவு. முதல் கேள்வியே எனக்குப் பிடித்தது. எங்கே எடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை, "மாமியால எவ்வளவு தூரம் நடக்க ஏலும்?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை 6.30க்குப் புறக்கோட்டைக்கு வரச் சொன்னார். மற்ற நாட்களில் அங்கே கால் வைக்க இடமிருக்காது, ஞாயிறு காலையில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். இலக்கு இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல், ஜாமிஉல் அல்பார். 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்த கட்டடம், சிவப்பும் வெள்ளையுமாக மாதுளம் பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி. தெரு ஒடுக்கமானது. பக்கத்தில் நின்று கமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரங்கள் பின்னுக்குச் சாய்ந்து விழுவது போல வரும், உல்லாசப் பயணிகள் எடுக்கும் படங்களில் பாதி அப்படித்தான். இவர் எதிர்ப்பக்கம் தள்ளிப் போய், மூடியிருந்த கடையொன்றின் படியில் ஏறி நின்று, சுமை தூக்கும் நாட்டாமி ஒருவர் தள்ளுவண்டியோடு கடந்து போகும் வரை பேசாமல் காத்திருந்தார். வண்டி போன அந்த இடைவெளியில்தான் அமத்தினார். மாமி சிவப்புச் சாறியில் வந்திருந்தா. சுவரும் சிவப்பு, சாறியும் சிவப்பு, படத்தில் தலையும் கையும் மட்டும் மிதக்கின்றன. அதற்கு அவர் எப்படிப் பொறுப்பு?

மாமி கமராவைக் கண்டால் அடையாள அட்டைக்கு இருப்பது போல இருப்பா. பெடியன் சிரிக்கச் சொல்லவே இல்லை. "மாமி, கனடாவில பாரை மீன் கிடைக்குமா?" என்றார். அவ்வளவுதான். உறைந்த மீன், அதன் விலை, அதை வெட்டத் தெரியாத கடைக்காரன் என்று மாமி கையை ஆட்டி ஏசத் தொடங்கி, தன் ஏச்சுக்குத் தானே சிரித்தா. அந்த நேரத்தில் எடுத்த 14 படங்கள்தான் இன்று ஸ்காபரோ வீட்டுச் சுவரில் இருக்கின்றன. மொழி தெரிந்தவர் கமராவுக்குப் பின்னால் நிற்பதன் பெறுமதி அங்கேதான் தெரிந்தது.

ஆனால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கிழமை என்றவர் ஏழு கிழமை எடுத்தார். நான்கு தடவை நினைவூட்டினேன், ஒவ்வொரு தடவையும் "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு". எழுத்தில் எதுவும் இல்லை. கமராவில் ஒரே ஒரு மெமரி கார்ட், அது பழுதாகியிருந்தால் மாமியின் சிரிப்பும் போயிருக்கும். போதாக்குறைக்கு முதல் தவணைப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், பெரிதாக அச்சடித்தால் புள்ளி புள்ளியாக வரும். கூகிள் ட்ரைவில் போடச் சொல்லி வாங்கினேன்.

இந்த வகை ஆட்களை இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பது ஒன்பது மாதத்தின் ஒன்பது நல்ல படங்கள், எல்லாம் சூரியன் மறையும் நேரத்துச் செம்மஞ்சள். ஏதாவது ஒரு குடும்பத்துக்கு எடுத்துக் கொடுத்த முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். அதில் நண்பகல் படங்களைத் தேடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் கொழும்பின் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், கண் இரண்டும் குழியாகிவிடும். அந்த வெயிலிலும் ஆட்களைச் சுதந்திர மண்டபத்தின் தூண்களுக்குள் கூட்டிப்போய் நிழலில் நிறுத்தி எடுத்திருந்தால் தொழில் தெரிந்தவர். இன்னொரு சின்ன சோதனை: ஏசி வாகனத்தில் வந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் பையிலேயே சும்மா விடுகிறாரா? கொழும்பின் ஈரக்காற்றில் குளிர்ந்த லென்ஸ் உடனே பனி பிடித்துவிடும். தெரியாதவர் துடைத்துத் துடைத்துக் கால் மணித்தியாலத்தைத் தொலைப்பார்.

மூன்றாவது, வெளிநாட்டு இணையத்தளங்கள் வழியாக டொலரில் பதிவு செய்வது. மெல்பேர்னில் இருந்து வந்த சிநேகிதி, என்னைக் கேட்காமல், அப்படிச் செய்துவிட்டு வந்தாள். மூன்றிலும் விலை கூடியது இதுதான், ஸ்டூடியோவை விடவும். அதற்கு ஈடாக எல்லாம் எழுத்தில் இருந்தது: எத்தனை படம், எத்தனை நாளில், மழை பெய்தால் என்ன, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை கொட்டும் ஊரில் மழை பற்றிய அந்த ஒரு வரி சும்மா இல்லை. எங்களுக்கும் மழை பெய்தது, ஒரு மின்னஞ்சலில் அடுத்த நாளுக்கு மாறியது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வந்தவர் தெஹிவளையைச் சேர்ந்த சிங்கள அண்ணா. நல்ல மனிதர், தொழிலிலும் நிதானம். அவருக்குத் தெரிந்த தமிழ் "அம்மா, சிரிக்க" மட்டும். அந்தத் தமிழைக் கேட்டே சிநேகிதியின் தாயார் சிரித்துவிட்டதால் வேலை நடந்தது. இடைவெளியில் தேநீர் குடிக்கும்போது கதைத்தோம். தளத்துக்கு வெளியே அவரும் இன்ஸ்டாகிராமில் வேலை தேடுகிற தனி ஆள்தான், நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய விலை சிநேகிதி கட்டியதை விட நன்றாகக் குறைவு. மிச்சக் காசு அந்த மின்னஞ்சலுக்கும் மழை பற்றிய அந்த வரிக்கும். கொழும்பில் ஒருவரையும் தெரியாதவர்களுக்கு அது நியாயமான விலை. ஆனால் நம் சனத்தில் கொழும்பில் ஒருவரையும் தெரியாதவர் யார்?

அந்த அண்ணாவிடம் இருந்து ஒன்று கற்றேன். பேரை வாவியில் இருக்கும் சீமா மாலகவுக்குப் போனோம். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பௌத்த மண்டபம், பணம் கொடுத்தது இறந்த மகனின் நினைவாக ஒரு முஸ்லிம் குடும்பம். அங்கே வாசலிலேயே நிறுத்தி, தோளும் முழங்காலும் மூடச் சொல்லி, புத்தர் சிலைக்கு முதுகு காட்டி ஒரு படமும் எடுக்கமாட்டேன் என்றார். அவர் சொன்னது மரியாதைக்காக மட்டுமல்ல. 2012இல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவது போல எடுத்த படங்களைக் காலியில் அச்சிடக் கொடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகள், கடைக்காரர் பொலிஸுக்குச் சொன்னதால் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு திரும்பினார்கள். ட்ரோன் வேண்டும் என்று சிநேகிதியின் மகன் கேட்டான், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்றார். வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் நின்று கடலோடு ஒரு படம் என்றதற்கும் தலையை ஆட்டினார். தண்டவாளத்தில் நிற்பது சட்டப்படி குற்றம், போதாததற்கு அலை இரைச்சலில் ரயில் வருவது கேட்காது. கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்கிறவரை விட இப்படி இல்லை என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

நாலாவது ஒரு வழியும் உண்டு, காசில்லாத வழி: மருமகனும் அவனுடைய ஐபோனும். காலிமுகத்திடல் மாலைக்கு அது போதும் என்றே சொல்வேன். பெரிய கமராவைக் கண்டால் சுற்றியிருக்கும் சனம் பார்க்கும், போனை யாரும் கவனிப்பதில்லை. கூட்டப் படத்துக்கு மட்டும் அவனை நம்பாதீர்கள். அகல லென்ஸில் கரையில் நிற்பவர்கள் எல்லாம் ஒரு பக்கம் ஊதிப்போவார்கள், அந்தக் கரையில் எப்போதும் நான்தான் நிற்பேன்.

விலை கதைக்கும் வேலையை வருகிறவர்களிடம் விடாதீர்கள். வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து அழைப்புப் போனால் ரூபாய் டொலராகிவிடும். போக்குவரத்து யார் செலவு, கூடுதல் படத்துக்கு எவ்வளவு, நுழைவுக் கட்டணம், அனுமதிக் கட்டணம் வந்தால் யார் கட்டுவது, எங்கள் படங்களை அவர் தன் பக்கத்தில் போடலாமா என்பதை வட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் 'ஓகே' ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

மச்சாளுக்கு இந்தத் தடவை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். வேல் பார்க்கச் சொந்தம் எல்லாம் கூடுகிற அன்று ஸ்டூடியோக்காரர் ஒரு மணித்தியாலம் மட்டும் வீட்டுக்கு வருவார், வரிசையாக நிறுத்தி எடுத்துவிட்டுப் போவார், மச்சங்களைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மாலைக் கடற்கரை இல்லை. ஆகஸ்டில் தென்மேல் காற்று உப்புத்தூறலை லென்ஸில் அடிக்கும், தலைமயிரும் நிற்காது. மீதிப் படங்கள் ஒரு காலையில், மருதானைப் பெடியனோடு. இரண்டு மெமரி கார்ட், மூன்று கிழமைத் தவணை, தாமதமானால் மிச்சக் காசில் கழிவு என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஓகே அக்கா. ஞாயிறு காலை ஆறரை. மாமிக்குச் சிவப்புச் சாறி மட்டும் வேண்டாம்."