பத்திரம் பதிந்தாயிற்று, பட்டா எங்கே?

இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டு தமிழ்நாட்டில் மனை வாங்கப் போனால், சார்பதிவாளர் அலுவலகம் நாம் விட்டுவிட்டுப் போன மாதிரி இல்லை. டோக்கன் நேரத்துக்குப் போனால் கூப்பிடுகிறார்கள். கைரேகை, புகைப்படம், கையெழுத்து, முடிந்தது. மரத்தடி பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்த காலம் தெரிந்தவர்களுக்கு இது மனசு நிறையும் மாற்றம். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் 1975 முதல் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

சிக்கல் வந்தது அதற்கு அப்புறம்தான். பட்டா மாற்ற சர்வேயர் வந்து அளந்தபோது, பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்றிருந்த மனை, தரையில் தென்வடல் 38½ அடிதான் இருந்தது. வடக்குப் பக்க எல்லைக்கல் இரண்டும் காணோம். அந்த இடத்தில் பக்கத்து மனைக்காரரின் காம்பவுண்டு சுவர் நின்றது, பாசி பிடித்து, பல மழை பார்த்த சுவர். முப்பதை ஒன்றரையால் பெருக்கினால் 45 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்றால் 1,35,000 ரூபாய் மண்ணில் இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறது. அந்த 45 சதுர அடிக்கும் சேர்த்து முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டியாகிவிட்டது.

ஆத்திரம் வருவது ஒன்றரை அடிக்காக இல்லை. யாருமே பார்க்கவில்லை என்பதற்காக. நான்கெல்லையும் அளவும் முந்தைய பத்திரத்திலிருந்து அப்படியே இறங்கும். அந்தப் பத்திரமும் அதற்கு முந்தையதைப் பார்த்து எழுதியதுதான். நடுவில் ஒருவரும் மனையில் டேப் பிடிப்பதில்லை. சார்பதிவாளருக்கு அது வேலையும் இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அங்கே பதிவாவது பத்திரம், உரிமை அல்ல.

இங்கிலாந்தில் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அதுதான் உரிமை. அரசு அதற்கு உத்தரவாதம் தருகிறது, பதிவில் தவறு நேர்ந்து நஷ்டப்பட்டால் இழப்பீடும் உண்டு. வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் கன்வேயன்சர் வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார் என்று அங்கே அலுத்துக்கொள்கிறோம். அந்த வாரங்களில் அவர் செய்கிற சோதனை அத்தனையும் ஊரில் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. பதிவு சட்டென்று முடிவதால் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று முதல்முறை வாங்குகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துப் பதிவோடு வரும் வரைபடமான டைட்டில் பிளானில் எல்லைக்கோடு பொதுவாகக் காட்டப்படுவதுதான், துல்லிய அளவு இருக்காது. சர்வே துறை தரும் அளவு வரைபடமான நம் ஊர்ப் புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டர் கணக்கு உண்டு. இத்தனை நல்ல ஆவணம் கையில் இருந்தும் வாங்கும்போது யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். புலப்படத்தை இறக்கி, அடியை மீட்டராக்கிக்கொள்ளுங்கள்: 30 அடி 9.14 மீட்டர், 40 அடி 12.19 மீட்டர். லேஅவுட் மனைக்கு உட்பிரிவு ஆகி, சர்வே எண்ணில் தனித் துணை எண் வந்திருக்காவிட்டால் புலப்படம் முழுப் புலத்தைத்தான் காட்டும். அப்போது மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் முத்திரையுள்ள வரைபடத்தை வாங்கி ஒப்பிட வேண்டும். பிறகு தனியார் சர்வேயரோடு நேரில் போங்கள். நான்கு பக்கம் அளந்தால் மட்டும் போதாது, இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 30க்கு 40 மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டுமே 50 அடி வரும். ஒன்று 52, இன்னொன்று 48 என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. பக்கங்கள் சரியாக இருந்தாலும் பரப்பு 1,200 சதுர அடிக்குக் குறையும், கட்டும்போது மூலை வீணாகும்.

கிரய ஒப்பந்தத்தில் மொத்த விலையை மட்டும் எழுதவிடாதீர்கள். சதுர அடிக்கு இவ்வளவு, அளந்து வரும் பரப்புக்கே பணம் என்று எழுதுங்கள். பதிந்த பிறகு குறை தெரிந்தால் பிழைத்திருத்தப் பத்திரத்துக்கு விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கியவரை மறுபடி அழைத்துவருவது எவ்வளவு பாடு என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வராவிட்டால் சிவில் கோர்ட்தான். அதுவும் அளவை எழுத்தில் திருத்துமே தவிர, பக்கத்துச் சுவரை நகர்த்தாது.

பட்டாவையும் இதேபோல் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். முழு உட்பிரிவு எண்ணும் கைமாறி, விற்பவர் பெயர் பட்டாவில் தனியாக இருந்தால் பெயர் மாற்றம் எளிது. பட்டா இன்னும் அவர் தாத்தா பெயரில் இருந்தாலோ, கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ, புதிதாக உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தாலோ வாரிசுச் சான்று, தாலுகா ஆபீஸ், சர்வேயர் என்று நீளும். விடுமுறைக்குள் முடியாது. விற்பவரே அதை முடித்து, தனிப் பட்டா கையில் வந்த பிறகு கிரயம் என்று நிபந்தனை வையுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், அதில் உயில் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

பெயர் விஷயம் சின்னது, ஆனால் கடைசிவரை துரத்தும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் வேறு வரிசை. பத்திரத்தில் பான் கார்டில் உள்ளபடியே எழுதி, "என்கிற" போட்டு மற்ற வடிவத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள்), ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்கள்) விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. "மனையாக மாற்றிவிடலாம் தம்பி" என்று புரோக்கர் சொன்னால், மாற்றிய உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். பணம் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து வங்கி வழியாகவே போகட்டும். மீதி வேலைக்கு வேறொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதென்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

மனைக்குப் பதில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவதென்றால் கணக்கை முதலில் போடுங்கள். 70 லட்சம் விலை, 20,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 2,40,000, அதாவது 3.4 சதவீதம். மாதம் 3,000 மெயின்டனன்ஸ், ஒரு மாதம் காலி என்று கழித்தால் 1,84,000. வீட்டு வரிக்கு முன்னாலேயே 2.6 சதவீதம்தான். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தருபவர் 30 சதவீத வரியும் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பெரும்பாலான குடித்தனக்காரர்களுக்குத் தெரியாது. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இங்கிலாந்தில் இன்னும் வீடு வாங்காதவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஊரில் உங்கள் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடாக இருந்தால், இங்கிலாந்தில் வாங்கும் வீட்டுக்கு ஸ்டாம்ப் டூட்டி 5 சதவீதம் கூடுதலாக வரும். முதல் வீடு வாங்குபவருக்கான சலுகையும் போய்விடும். வெறும் மனை இந்தக் கணக்கில் சேராது. இரண்டையும் வாங்கும் எண்ணம் இருந்தால் ஊரில் மனையோடு நிறுத்தி, இங்கிலாந்து வீடு முடிந்த பிறகு கட்டத் தொடங்குங்கள்.