பழைய தேக்கு அலமாரியைக் கிச்சனுக்கு மாற்றக் கொடுக்கிறவர்கள் பலகையை எண்ணிக் கொடுங்கள்

எங்கள் அப்பத்தாவின் புடவை அலமாரி. பர்மா தேக்கு, ஆறடி உயரம், ரெண்டு கதவு, உள்ளே நாலு தட்டு. தேவகோட்டை வீட்டைப் பாகம் பிரித்தபோது என் பங்குக்கு வந்தது. மதுரை ஃபிளாட்டில் அதை வைக்க பெட்ரூமில் இடமில்லை. சரி, சமையலறையில் மளிகைச் சாமானுக்கு ஆகட்டும் என்று முடிவு செய்தேன். யோசனையில் தப்பில்லை. கொடுத்த இடம்தான் தப்பு.

பட்டறைக்காரர் 22,000 ரூபாய் பேசினார். தட்டுகளை உயரம் மாற்றிப் போட்டு, கீழே அரிசி டிரம் நிற்க இடம் விட்டு, ரெண்டு இழுப்பறை. பின்பக்கம் மட்டும் புது பிளைவுட். "சிங்க் பக்கத்துல நிக்கப்போகுது, தண்ணி தாங்குற 710 ரகம் போட்டுடலாம்க்கா." முன்பணம் 15,000 ஜிபேயில் போனது. பத்து நாள் என்றவர் ஏழு வாரம் இழுத்தார்.

வந்து இறங்கியபோது பளபளவென்றுதான் இருந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். கதவைத் திறந்து பார்த்த அம்மா மட்டும், "என்னடி, வாசனையே காணோம்?" என்றார். எத்தனை வருஷ நாப்தலின் உருண்டை வாசனை அது! பாலிஷ் போட்டதில் போயிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாவது மாதம் ரசப்பொடி பாட்டிலைச் சுற்றி மாவு மாதிரி ஏதோ கொட்டிக் கிடந்தது. ரவை சிந்தியிருக்கும் என்று துடைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் அதே பொடி. பாட்டிலை நகர்த்தினால் பலகையில் குண்டூசி முனை அளவுக்கு ஏழெட்டு ஓட்டை.

பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்தேன். தட்டைக் கழற்றிக் கையில் தூக்கியதுமே சிரித்தார். அடிப்பக்கம் உளியால் லேசாகச் சீவினார். பாலிஷுக்குக் கீழே வெளுத்த மரம். "ரப்பர் மரம்மா. மருந்தேத்தாம அறுத்த பலகை. இதுல மாவுச்சத்து அதிகம், உளு சும்மா விடாது. வைரம் பாஞ்ச தேக்குன்னா கிட்ட வராது." நாலு தட்டும் அப்படித்தான். கதவும் சட்டமும் மட்டும் எங்களுடையவை.

பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தோம். ஈரம் பட்ட மூலை உப்பியிருந்தது. பிளைவுட்டில் குத்தியிருந்த முத்திரை ஐ.எஸ். 303, அதாவது சாதாரண ரகம். தண்ணீர் தாங்குகிற மரைன் ரகத்துக்குத்தான் 710. நான் காசு கொடுத்தது அதற்கு.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய பலகை எல்லாம் உளுத்துப் போச்சுக்கா, அதான் மாத்திட்டேன்."

"சரி, உளுத்த பலகை எங்க?"

"வெறகுக்குப் போயிருச்சு."

பர்மா தேக்கை விறகுக்குப் போடுகிறவர் பட்டறை வைத்துப் பிழைக்க முடியுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரச்சாமானுக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

கொடுக்கும் முன் ஒவ்வொரு பலகையையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கீறல் போட்டு வையுங்கள். எந்தப் பலகையை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும், பிளைவுட் எந்த ரகம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது சொல்லாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். என்னிடம் பில்லே கிடையாது. ஜிபே ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

தட்டுகளைக் கழற்றிப் போட்டாச்சு. அரிசியும் பருப்பும் பழையபடி எவர்சில்வர் டிரம்முக்கே போய்விட்டன.

மூணாவது தட்டின் அடியில் அத்தை சின்ன வயதில் ஆணியால் தன் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தார். 'ள' மட்டும் தலைகீழாக இருக்கும். பொங்கலுக்கு வரும்போது பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று போன வாரம்கூடச் சொன்னார். அவரிடம் நான் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.