கணக்கு சர்வரைச் சேல்ஸ்ஃபோர்ஸுடன் இணைக்க ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு

டர்பனில் மளிகையும் பூஜைப் பொருள்களும் மொத்த விலைக்கு விற்கும் குடும்ப நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். விற்பனையாளர்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இணையவழி விற்பனை மேலாண்மைச் சேவையில் பதியும் ஆர்டர்கள் கிடங்கிலுள்ள பழைய கணக்கு சர்வருக்குத் தாமாகவே போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து சரக்கு இருப்பும் பண வரவும் திரும்பி வர வேண்டும் என்பதற்காக உள்ளூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தோம். இணைப்பு பாதுகாப்பானது என்றும், எந்த நிலையிலும் ஓர் ஆர்டர்கூடத் தவறாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். விஷயம் இப்போது வழக்கறிஞர் கையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்தது என்ன என்பதை நம் வணிகர்கள் அறிந்தாக வேண்டும்.

முதல் அடையாளம் ஈஸ்டர் சமயத்தில் தெரிந்தது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் புனித வெள்ளித் திருவிழாவை ஒட்டி எங்களுக்கு ஆர்டர்கள் குவியும். டோங்காட்டில் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நான் கேட்டது பத்துப் பெட்டி கற்பூரம், நீங்கள் இருபது அனுப்பி பில்லும் இரண்டு போட்டிருக்கிறீர்களே" என்றார். எடுத்துப் பார்த்தால், அடுத்தடுத்த எண்களில் இரண்டு இன்வாய்ஸ்கள், ஒரே ஆர்டருக்கு, ஒரே நிமிடத்தில் பதிவாகியிருந்தன. தேடத் தேட அப்படிப்பட்டவை மேலும் கிடைத்தன.

காரணம் எளிது. சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து வெளியே அனுப்பப்படும் அழைப்பு, வேறு கால அளவு குறிப்பிடாவிட்டால், 10 விநாடிதான் பதிலுக்காகக் காத்திருக்கும். நெருக்கடியான நேரத்தில் எங்கள் சர்வர் ஆர்டரை எழுதி முடித்துவிட்டது, ஆனால் பதில் அனுப்பத் தாமதமானது. பதில் வராததால் அழைப்பு தோற்றதென்று எண்ணிக்கொண்ட அவர்களின் நிரல், அதே ஆர்டரை மறுபடி அனுப்பியது. மறுபடி அனுப்புவது தவறல்ல, அது தேவையே. ஒவ்வோர் ஆர்டருடனும் மாறாத அடையாள எண் ஒன்றையும் சேர்த்து அனுப்பி, அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் புதிதாக எழுதாதே என்று பெறும் பக்கத்தில் கட்டுப்படுத்தாமல் விட்டதுதான் தவறு. சர்வரிலிருந்து சேல்ஸ்ஃபோர்ஸுக்குத் தகவல் வரும் எதிர்த் திசையில் சேல்ஸ்ஃபோர்ஸே இதற்கு வழி வைத்திருக்கிறது: வெளி அடையாள எண் என்று ஒரு புலத்தைக் குறித்து வைத்து அதன் அடிப்படையில் அப்சர்ட் செய்தால், இருக்கும் பதிவு திருத்தப்படும், இல்லாதது சேர்க்கப்படும், இரட்டிப்பு நேராது. அதையும் அவர்கள் பயன்படுத்தவில்லை.

இரட்டிப்பைவிட மோசமானது, காணாமல் போன ஆர்டர்கள். லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டைப் பல ஆண்டுகள் அனுபவித்த ஊர் இது, கேபிள் திருட்டாலும் வெள்ளத்தாலும் இன்றும் மின்சாரம் போகிறது. கிடங்கு இருளில் இருந்த மணி நேரங்களில் அனுப்பப்பட்ட ஆர்டர்களை அவர்களின் நிரல் சில முறை முயன்று பார்த்துவிட்டு, பிழைச் செய்தியைக்கூட எங்கும் எழுதி வைக்காமல் கைவிட்டிருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸின் பிளாட்ஃபார்ம் ஈவண்ட் என்ற செய்தி அனுப்பும் வசதி வழியாக அனுப்பியிருந்தால் அச்செய்திகள் 72 மணி நேரம் அங்கேயே காத்திருந்திருக்கும், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். மின்வெட்டைக் கணக்கில் எடுக்காமல் தென்னாப்பிரிக்காவில் ஒரு நிறுவனம் இந்த வேலையைச் செய்து கொடுத்திருப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

வேறொரு நிபுணரை அழைத்து ஆராயச் சொன்னபோதுதான் பாதுகாப்பின் நிலை தெரிய வந்தது. கிடங்குக் கணினியின் டி டிரைவில், யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு நோட்பேட் கோப்பில், எங்கள் இயக்குநரின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கடவுச்சொல்லுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டிய செக்யூரிட்டி டோக்கன் என்ற இரகசியக் குறியீடும் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அனைத்து அதிகாரமும் கொண்ட அந்தக் கணக்கின் வழியாகத்தான் நிரல் உள்ளே நுழைந்தது. அதனால் ஒரு வாடிக்கையாளரின் தள்ளுபடியை மாற்றியது இயக்குநரா, நிரலா, கோப்பைப் பார்த்த வேறு யாரோ என்பதை இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. செலவைக் குறைக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். அதுவும் பொய். எங்களிடம் உள்ள எண்டர்பிரைஸ் பதிப்புடன் இத்தகைய இணைப்புகளுக்கென்றே 5 பயனர் உரிமங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இணைப்பில் உள்ள ஓட்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 ஆகஸ்ட்டில் நடந்ததே சான்று. டிரிஃப்ட் என்ற உரையாடல் செயலியின் இணைப்புக்கான ஓஆத் டோக்கன்களை, அதாவது கடவுச்சொல் இல்லாமலே ஒரு செயலியை உள்ளே விடும் மின்னணு அனுமதிச் சீட்டுகளை, திருடியவர்கள், அவற்றைக் கொண்டே பல நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவுகளை அள்ளிச் சென்றார்கள். கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களும் அதில் தப்பவில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் உடைப்பு ஏதுமில்லை, இணைத்த இடத்தில்தான் இருந்தது.

சட்டத்தின் முன் பொறுப்பு நம்முடையது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனிப்பட்ட தகவல் கசிந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் தகவல் ஒழுங்காணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டிய கடமை வணிகம் நடத்துபவருக்கே உண்டு. நமக்காகத் தகவலைக் கையாளும் நிறுவனத்துடன் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்றும், கசிவை அந்நிறுவனம் உடனே நமக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. எங்களிடம் அவர்கள் எதையும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை முடித்தபோது நிரலின் மூலக் குறியீட்டையும் வடிவமைப்பு ஆவணத்தையும் தர மறுத்து, அவற்றுக்குத் தனியே பணம் கேட்டார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், இணைக்க வந்தவர் முன்னிலையிலேயே கிடங்கு சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆர்டர் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். கேபிளைத் திரும்பச் செருகியதும் அந்த ஆர்டர் வர வேண்டும், ஒருமுறை மட்டுமே வர வேண்டும், இடையில் நேர்ந்த தடை யாருக்காவது மின்னஞ்சலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர்கள் சேல்ஸ்ஃபோர்ஸின் லாகின் ஹிஸ்டரி பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள், கடந்த 6 மாத நுழைவுகள் அங்கே இருக்கும். நிரலின் நுழைவுகள் ஒரு மனிதரின் பெயரில் இருந்தால், முதலில் இணைப்பைத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே உள்ள தனிப் பயனருக்கு மாற்றிவிட்டு, பிறகு அந்த மனிதரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். முன்பு கொடுத்த ஓஆத் டோக்கன்கள் அதனால் மட்டும் செத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாமல், இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலுக்குப் போய் அவற்றை ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள்.