தூக்கத்துக்கு ஜாவா, விழிப்புக்கு பாலி

ஜாவா, பாலி என்ற இரண்டு தீவுகளிலும் வாசிப்பது இந்தோனேசியாவின் கமெலான் என்ற குழு இசைதான். இரண்டிலும் வெண்கலத் தகடுகள், நடுவில் குமிழ் வைத்த வட்ட உலோகக் கோங்குகள், தோல் மேளம். ஆனால் மனசை அமைதிப்படுத்தத்தான் கேட்கிறீர்கள் என்றால், எதைப் போடுகிறீர்கள் என்பது முக்கியம்.

ஜாவா அரண்மனைகளில் வளர்ந்த கமெலான் நிதானமானது. பெரிய கோங்கை, துணி சுற்றிய கனத்த கோலால் தட்டுவார்கள். அந்த அதிர்வு காதுக்கு முன்னால் நெஞ்சுக்கு வந்து சேரும். அது முழுசாக அடங்கும்வரை அடுத்த அடி அவசரப்படாது. ‘கெண்டேர்’ என்ற தகட்டுக் கருவியை வாசிப்பவரின் கைகளைக் கவனித்துப் பாருங்கள்: ஒரு தகட்டைத் தட்டிய கை, அடுத்ததைத் தட்டும்போதே முந்தைய தகட்டை உள்ளங்கை ஓரத்தால் அணைத்துவிடும். ஒலி மங்காமல், கலங்காமல் இருப்பது அதனால்தான். 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்க இசைத்தட்டிலும் ஒரு ஜாவா கமெலான் பாட்டு இருக்கிறது.

பாலியின் ‘கோங் கெப்யார்’ வேறு ரகம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு பாலியில் பிறந்தது. வேகம், திடீர் வெடிப்பு. கருவிகளை ஜோடியாகச் செய்து, ஒன்றைக் கொஞ்சம் தூக்கிச் சுருதி சேர்ப்பார்கள். சேர்ந்து ஒலிக்கும்போது காற்றே மினுங்குவது போல ஒரு துடிப்பு. அருமையான இசை, ஆனால் படுக்கும்போது வேண்டாம்.

பாலிதான் வேண்டுமா? சரி, நிழற்கூத்துக்கு வாசிக்கும் ‘கெண்டேர் வாயாங்’ கேளுங்கள். பெரும்பாலும் நான்கே கருவிகள், மேளம் கிடையாது. எனக்கு ஜாவாதான். சத்தத்தைக் குறைத்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன்.