கல் ரம்பத்துக்கு எந்த ஆயில்: பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுத்து நிறம் போகச் சுத்திகரித்தது), மெல்லிய ரகம், சேர்மானம் எதுவும் இல்லாதது. கல்லைப் பலகை பலகையாக அறுக்கும் என் 14 அங்குல ஸ்லாப் ரம்பத்தில் பல வருடமாக இதுதான் ஓடுகிறது. அறுப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் வகைக் கற்களான அகேட், ஜாஸ்பர், பிறகு கல்மரம். கல் ரம்பத்துக்கென்றே லேபிள் ஒட்டி விற்கும் ஆயில், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில், தண்ணீரில் கரையும் கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) என்று மற்றவற்றையும் நானும் நண்பர்களும் ஊற்றி ஓட்டியிருக்கிறோம். இவற்றில் எது நன்றாக அறுக்கும் என்று கேட்டால், எல்லாமே அறுக்கும். வித்தியாசம் தெரிவது அறுத்து முடித்த பிறகுதான். கல் தூளை அந்த ஆயில் என்ன செய்கிறது, ரம்பத்தின் மூடியைத் திறந்ததும் மூக்கில் என்ன ஏறுகிறது, அறுத்த கல் பலகையைக் கழுவ எவ்வளவு நேரம் பிடிக்கிறது. நான் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது இவற்றை வைத்துத்தான்.

வைர பிளேடுக்குப் பல் கிடையாது. விளிம்பில் உலோகத்தோடு சேர்த்துப் பதித்த வைரத் துகள்கள் கல்லைத் தேய்த்துத் தேய்த்தே உள்ளே போகின்றன. தேய்க்கும் இடத்தில் சூடு பயங்கரமாக ஏறும். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைரமே காற்றில் கருகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே நடுவிலுள்ள எஃகுத் தகடு சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிந்துவிடும். அப்படிக் குழிந்த பிளேடு அதன்பின் நேராக அறுக்காது. சூட்டைத் தணிப்பது மட்டும்தான் வேலை என்றால் ஆயிலைவிடத் தண்ணீர் மேல். ஒரே எடைக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் பெரிய ரம்பத்தில் ஆயில் ஊற்றுகிறோம் என்றால் காரணம் வழுவழுப்பு. பெரிய குவார்ட்ஸ் கட்டியை முழு ஆழத்துக்கு அறுக்கும்போது பிளேடின் பக்கவாட்டு கல்லோடு உரசியபடியே இருக்கும். அங்கே ஆயில் படலம் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் தாக்குப்பிடிக்காது. கல்லைப் பிடித்திருக்கும் வைஸ், அதை நகர்த்தும் ஸ்க்ரூ, பேரிங் எதுவும் துருப்பிடிக்காமல் இருப்பது கூடுதல் லாபம்.

தூளை நனைத்துக் கீழே இறக்குவதும் ஆயிலின் வேலை. அகேட்டும் ஜாஸ்பரும் சிலிக்காவே. அந்த நுண்தூளை நாள்பட மூச்சில் இழுத்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தபின் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ரம்பத்தை உலர ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அறுக்கும்போது வரும் தூள் ஆயிலில் மிதக்கக் கூடாது. பிளேடுக்குக் கீழே உள்ள ஆயில் தொட்டியின் அடியில் போய்ப் படிய வேண்டும். படியாத தூளை பிளேடு மறுபடி வாரிக்கொண்டு வெட்டுக்குள் போகும். நாளடைவில் ஆயில் கூழாகும், கூழான ஆயில் வெட்டின் அடிவரை போய்ச் சேராது, பிளேடு சூடாகும். ஒரு திரவத்தில் நுண்துகள் இறங்கும் வேகம் அந்தத் திரவத்தின் விஸ்காசிட்டிக்கு, அதாவது கெட்டித்தன்மைக்கு, நேர் எதிராகப் போகும் என்கிறது ஸ்டோக்ஸ் விதி. விஸ்காசிட்டி இரட்டிப்பானால் படியும் நேரமும் இரட்டிப்பு. அதனால்தான் மெல்லிய ஆயில் வேண்டும் என்கிறேன். “கெட்டியாக இருந்தால்தானே நல்ல வழுவழுப்பு” என்று வாதாடுகிறவர்கள் தங்கள் தொட்டியை ஒருமுறை கரண்டி விட்டுக் கிளறிப் பார்க்கலாம்.

எஞ்சின் ஆயில் ஒத்துவராததற்கும் இதே காரணம்தான். அது கெட்டி என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கோளாறு, அதில் டிடர்ஜென்டும் டிஸ்பெர்சன்டும் கலந்திருப்பது. எஞ்சினுக்குள் உண்டாகும் கரி ஓரிடத்தில் படியாமல் ஆயிலிலேயே மிதந்து ஃபில்டருக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பவை அவை. எஞ்சினுக்கு அது வரம், நமக்குத் தலைவலி. வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். எரிபொருள் எரிந்த மிச்சத்தில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் அதில் சேர்ந்திருக்கும். அதைத் துளித்துளியாக்கி முகத்தருகே தெளிக்கும் வேலையை ரம்பம் கச்சிதமாகச் செய்யும். ஹைட்ராலிக் ஆயிலிலும் தேய்மானத் தடுப்புச் சேர்மானம் இருக்கும். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 32 அல்லது 46 கிரேடு, இரண்டுமே கெட்டி.

சரி, எவ்வளவு மெல்லியது? தொழிற்சாலை ஆயில்களின் ஐஎஸ்ஓ கிரேடு எண் என்பது 40 டிகிரியில் அந்த ஆயிலின் விஸ்காசிட்டி, சென்டிஸ்டோக்ஸ் கணக்கில். 10 கிரேடும் 15 கிரேடும் நமக்கு ஏற்றவை. 22 வரை சமாளிக்கலாம். அமெரிக்கப் பழக்கத்தில் எழுதப்பட்ட டப்பாக்களில் “70 விஸ்காசிட்டி” என்று போட்டிருப்பார்கள். அது சேபோல்ட் விநாடி என்ற வேறு அளவுகோல். ஏறத்தாழ 13 சென்டிஸ்டோக்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் ஓட்டுவது இந்த இடத்தில் இருக்கும் ஆயில்தான். குளிர் நாளில் அது கொஞ்சம் இறுகும். அப்போது முதல் வெட்டுக்கு முன் கல் இல்லாமல் சிறிது நேரம் பிளேடைச் சுழலவிட்டால் இளகிவிடும்.

மருந்துக் கடை மினரல் ஆயிலும் இதுவும் ஒன்றுதானே என்ற கேள்வி அடிக்கடி வரும். வகை ஒன்றுதான், ரகம் வேறு. அமெரிக்க மருந்துத் தரநூல் கணக்கில் சாதாரண மினரல் ஆயில் 40 டிகிரியில் 34.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையக் கூடாது. மலச்சிக்கலுக்கு விற்கும் பாட்டிலில் இருப்பது அந்தக் கனமான ரகம். “லைட்” என்று போட்டது அதற்குச் சற்றுக் கீழ் வரை போகலாம். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் பார்த்து வாங்கினாலும் கெட்டியான ஒன்று கைக்கு வந்துவிடும். விஸ்காசிட்டி எண் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். எண் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. குழந்தைகளுக்குப் பூசும் பேபி ஆயிலும் மினரல் ஆயில்தான், ஆனால் வாசனை போட்டது. சிறிய பாட்டில்களாக வாங்கித் தொட்டியை நிரப்புவதற்குள் பெரிய டிரம்மே வாங்கிவிடலாம். தவிர, ரம்ப ஆயில் சூடாகும்போது பூ வாசனை அடிப்பது யாருக்கு வேண்டும்?

அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை. மெல்லிய ரகம் என்றதும் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஓட்டுவது சர்வ சாதாரணம். இன்றும் சிலர் அதை விடவில்லை. மண்ணெண்ணெயின் ஃபிளாஷ் பாயிண்ட் 38 டிகிரி அளவிலேயே தொடங்கும், டீசல் அதற்குக் கொஞ்சம் மேல். மூடிய பெட்டிக்குள் அதைப் பனிபோலத் தெளித்துக்கொண்டு, பக்கத்திலேயே மோட்டாரையும் சுவிட்சையும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது துணிச்சல் இல்லை. டீசலும் மண்ணெண்ணெயும் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை உரித்து எடுத்துவிடும், வெடிப்பும் அரிப்பும் வரும். வாடை துணியை விட்டுப் போகாது. மெல்லிய வெள்ளை மினரல் ஆயிலின் ஃபிளாஷ் பாயிண்ட் பொதுவாக 150 டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழ் எதையும் என் தொட்டியில் நான் ஊற்றுவதில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல போட்டியாளர். புதிய மினரல் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் 40 டிகிரியில் 12 சென்டிஸ்டோக்ஸுக்கு மிகக் கூடாது, ஃபிளாஷ் பாயிண்ட் 135 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தர அமைப்பான ஐஇசியின் 60296 தர விதி. எண்களைப் பார்த்தால் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். நண்பர் ஒருவரின் ரம்பத்தில் அது வருடக்கணக்கில் ஓடுகிறது, தூள் அழகாகப் படிகிறது. என் மூக்குக்கு மட்டும் அந்த லேசான வாடை பிடிக்கவில்லை. 135 டிகிரியும் என் கோட்டுக்குக் கீழே. புதியது கிடைத்தால் வாங்குகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்த பழைய ஆயில் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. பழைய மின் கருவிகளில் பிசிபி என்ற நச்சுச் சேர்மம் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 1979-இல் அதன் உற்பத்தியைத் தடை செய்தார்கள். 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகளவில் அதை ஒழிக்க முனைந்தது. ஆனால் பழைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சமையல் எண்ணெயை முயன்றவர்களும் இருக்கிறார்கள். வாசனையில் தொந்தரவு இல்லை, தோலுக்கும் இதம். சில மாதத்தில் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எடுத்து, வைஸ் தண்டவாளத்தில் பிசினாக ஒட்டும். அது தோய்ந்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மினரல் ஆயிலில் அந்தப் பயம் இல்லை. தண்ணீரில் ஆன்டிஃப்ரீஸ் கலப்பது இன்னொரு பழக்கம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பு ருசி உள்ளது, நாயும் பூனையும் நக்கினால் உயிர் போகும். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆயிலோடு தயாரிப்பாளர் தரும் தரவுத் தாளில் நான் தேடும் இன்னொன்று சுத்திகரிப்பு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, சுத்திகரிக்காத அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்ததை மூன்றாம் பிரிவில், அதாவது அப்படி வகைப்படுத்த ஆதாரம் போதாது என்ற இடத்தில் வைத்திருக்கிறது. பெயர் ஒன்றுதான், நடுவே இவ்வளவு தூரம். உணவுத் தரம், மருந்துத் தரம் என்று முத்திரை உள்ள வெள்ளை ஆயிலை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். குடிக்கப் போவதில்லை, ஆனால் கையிலும் மூச்சிலும் படப்போகிறது. கல் ரம்பத்துக்கென்று விற்கும் பிராண்டு ஆயில்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, குறை சொல்ல முடியாது. அவற்றில் ஒன்றின் தரவுத் தாளை வாங்கிப் பார்த்தபோது உள்ளே இருந்தது அநேகமாக இதே மெல்லிய மினரல் ஆயில்தான். லேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்க மனமிருந்தால் கொடுக்கலாம்.

எவ்வளவு நல்ல ஆயிலாக இருந்தாலும் மூடுபனி எழும்பும். காற்றில் மினரல் ஆயில் துளிகளுக்கு அமெரிக்கத் தொழிலிட விதி வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். மூடியைத் திறந்தபடி அறுத்தால் சிறிய அறையில் காற்று சீக்கிரமே கனத்துவிடும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், அறுத்து முடிந்ததும் உடனே திறக்காமல் சற்று விட்டுத் திறக்கவும். ஆயில் மட்டம் பிளேடின் விளிம்பில் 6 முதல் 12 மில்லிமீட்டர் முங்கினால் போதும். அதிகம் ஊற்றினால் அறுப்பு மேம்படாது, தெறிப்புதான் கூடும். இன்னொன்று: அறுப்பு மந்தமாகிவிட்டால் எல்லோரும் முதலில் ஆயிலைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி பிளேடு. விளிம்பு மழுங்கி வைரம் வெளியே தெரியாமல் போயிருக்கும். சாணைக்கல்லில் வரும் சிலிக்கன் கார்பைடு கட்டி ஒன்றில் சில வெட்டு வெட்டினால் வைரம் மறுபடி வெளியே வரும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் என்னை இந்த ஆயிலோடு கட்டிப்போட்டது மறுபயன்பாடு. தொட்டியை அப்படியே சில நாள் விட்டால் மேலே தெளிந்த ஆயில் நிற்கும், அடியில் வண்டல் இறுகியிருக்கும். தெளிந்ததை முகந்தெடுத்த பின் மிச்சச் சேற்றைத் தடித்த பழுப்புக் காகிதப் பையில் போட்டு, சல்லடை வைத்த வாளியின் மேல் நிறுத்திவிடுவேன். காகிதத்தின் வழியே ஆயில் மெதுவாகக் கசிந்து இறங்கும், பைக்குள் களிமண் போன்ற கட்டி மிஞ்சும். அவசரப்பட்டால் நடக்காது, இரவு தாண்டி விட வேண்டும். சிவப்பு ஜாஸ்பர் அறுத்தால் வடித்த ஆயிலும் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். நிறம் வேலையைக் கெடுப்பதில்லை. குறைவதெல்லாம் பலகைகளோடு வெளியே போவதும் கசடில் தங்குவதும்தான், அவ்வப்போது ஊற்றி ஈடுகட்டுகிறேன். மிஞ்சும் கட்டியைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், ஆயில் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

இந்த ஆயிலின் குறை, பலகையைக் கழுவும் வேலை. அறுத்ததும் உலர்ந்த களிமண் தூளிலோ மரத்தூளிலோ புதைத்து வைத்தால் மேற்பரப்பு ஆயிலை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும். விரிசல் உள்ள கல்லில் இதைச் சோம்பலாகச் செய்தால் கபோஷான் (மேல்புறம் குவிந்த, வழுவழுப்பாக்கிய கல்) செய்யும்போது தெரியும், கல்லைப் பிடிகுச்சியில் ஒட்டும் டாப் (dop) மெழுகு ஒட்டாமல் கல் கழன்று விழும்.

ஓபல், டர்க்கைஸ், வேரிசைட் போன்ற உறிஞ்சும் கற்களை இந்தத் தொட்டிக்குக் கொண்டுவரவே கூடாது. ஆயில் உள்ளே இறங்கி நிறம் மாறும், வெளியே எடுப்பது கடினம். அவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய டிரிம் ரம்பம் (சிறு துண்டுகளை நறுக்குவது), சுத்தத் தண்ணீர். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, பிளேடைத் துடைத்துக் கொஞ்ச நேரம் வெறுமனே சுழலவிட்டு ஈரத்தை உதறிவிட்டால் போதும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டால் மறுநாள் எஃகு துருவேறி நிற்கும்.