டாமின் கோபத்தை எடுத்துவிடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கார்ட்டூன் போடுவோம். சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் அதுதான் திரை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பையனின் அம்மா வந்து, "டீச்சர், டாம் அண்ட் ஜெர்ரி ஒரே அடிதடியா இருக்கு. கொஞ்சம் நல்ல பூனையா மாத்தின படம் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் மகன் தங்கையின் தலையில் சட்டிமூடியால் தட்டிவிட்டு வந்திருந்தான்.

மாற்றின படங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஆனால் மாற்றியதை எடைபோட மூலம் தெரிய வேண்டும். அதனால் முதல் வாரம் 1940இல் வந்த முதல் படம். அதில் பூனைக்கு டாம் என்ற பெயரே இல்லை, ஜாஸ்பர். வீட்டு வேலைக்காரம்மா அதனிடம் கறாராகச் சொல்லிவிடுகிறார்: இன்னும் ஒரு பொருள் உடைந்தால் நீ வெளியே. எலி அதைக் கேட்டுவிடுகிறது. மேசை விளிம்பில் ஒரு கண்ணாடிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதுவரை விரட்டிய பூனை அப்படியே நின்றுவிடுகிறது. கிளாஸ் விழுந்தாலும் உடையக் கூடாது என்று ஓடி ஓடித் தரையெல்லாம் தலையணை பரப்புகிறது.

பிள்ளைகள் அங்கே சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, "ஐயோ, வீட்ட விட்டுத் தொரத்திருவாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் படமே மாறிப்போனது. டாம் கெட்ட பூனை என்று நானும் எத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்! அதற்கு வேலை எலி பிடிப்பது. வேலை போனால் வீடும் போகும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் வெட்டு நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான்.

இதை மனத்தில் வைத்து மற்றவற்றைப் பார்க்கலாம்.

1975இல் தொலைக்காட்சிக்காகச் செய்த புதுத் தொடரில் டாமும் ஜெர்ரியும் நண்பர்கள். குழந்தைகள் நிகழ்ச்சியில் அடிதடி கூடாது என்று அமெரிக்காவில் பலமாகக் குரல் எழுந்த காலம் அது. ஜெர்ரிக்குச் சிவப்பு போ டை கட்டி, இருவரையும் ஊர் ஊராக அனுப்பி, பந்தயம், துப்பறிதல் என்று 48 குட்டிப் படங்கள் எடுத்தார்கள். செய்தவர்கள் யாரோ அல்ல, முதல் படத்தை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும்தான். கேட்ட அம்மாவுக்கு இதுதான் சரியான பதில் என்று நினைத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். சட்டிமூடிப் பையன் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது யாரு டீச்சர்?" என்றான். கோபத்தை எடுத்தபோது கோபத்துக்கான காரணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பூனைக்கு இழக்க ஒன்றும் இல்லை. இந்த வழி எனக்கு ஒப்பவில்லை.

1992இல் வந்த முழுநீளப் படம் வேறு மாதிரி. இருவருக்கும் பேச்சும் பாட்டும் கொடுத்து, அத்தையிடம் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமிக்கு உதவ வைத்தார்கள். பேசும் டாமை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணையும் மீசையையும் வைத்துச் சொன்னதை வாயால் சொன்னால் பாதி குறைந்துவிடுகிறது. ஆனால் அதன் தொடக்கம் அருமை. வீட்டுக்காரர்கள் குடிபெயர்ந்து போகிறார்கள், டாம் விடுபட்டுவிடுகிறது, அப்புறம் அந்த வீட்டையே இடிக்கிறார்கள். இருவரும் தெருவில். தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிபட்டதைப் பார்த்த என் தலைமுறைக்கு அந்தக் காட்சி நெஞ்சில் குத்தும். நட்புக்கு அங்கே ஒரு காரணம் கிடைத்தது. 1975இல் கிடைக்காதது அதுதான்.

2021 படத்தில் பேச்சை எடுத்துவிட்டார்கள், சண்டை திரும்பி வந்துவிட்டது. நியூயார்க்கில் ஒரு பெரிய ஹோட்டல், ஜெர்ரி குடியிருக்க இடம் தேடி அங்கே நுழைகிறது, அதைப் பிடிக்க டாமை வேலைக்கு எடுக்கிறார்கள். மனிதர்கள் வரும் பகுதி நீளம், பிள்ளைகள் நெளிந்தார்கள். ஆனாலும் மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைக்கும் டாம் ஏன் துரத்துகிறது என்று புரிகிறது.

துரத்தலை விட்டுவைத்து, தீங்கானதை மட்டும் நறுக்குவது இன்னொரு வழி. 2006இல் பிரிட்டனில் ஒருவர் புகார் செய்ததால், டாம் ஸ்டைலாகச் சிகரெட் சுற்றிப் பிடிக்கும் காட்சி போன்றவற்றை வெட்ட ஒப்புக்கொண்டார்கள். சரிதான், அதனால் டாமுக்கு ஒன்றும் குறையவில்லை.

எனக்கு மனம் ஆறாதது வேலைக்காரம்மா விஷயம். அவர் கறுப்பினப் பெண். முகம் அநேகமாகக் காட்டவே மாட்டார்கள், கால்களும் செருப்பும்தான். குரல் கொடுத்த லில்லியன் ரண்டால்ஃபின் பெயரும் படத்தில் வராது. கறுப்பினத்தவரைக் கேலிப்படுத்தும் வார்ப்பு என்று எதிர்ப்பு வந்தது, 1952க்குப் பிறகு அவர் வரவில்லை. அந்த எதிர்ப்பு நியாயம். ஆனால் 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவரை அழித்து, அதே இடத்தில் ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். 1990களில் வேறு வழி: உருவம் அப்படியே, பேச்சை மட்டும் தியா விடேல் என்ற கறுப்பின நடிகை மரியாதையான நடையில் திரும்பப் பேசினார். இரண்டில் பின்னதுதான் நேர்மை. முன்னதில் இழிவோடு சேர்த்து அந்த உழைப்பாளியையும் துடைத்துவிட்டார்கள்.

என் பாட்டி துரை பங்களாவில் சமையல்கட்டில் இருந்தவர். ஒரு தடவை பீங்கான் தட்டு கைதவறிவிட்டது. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து, துண்டுகளை முந்தானையில் அள்ளிவந்து லயத்துக்குப் பின்னால் வாழைமரத்தடியில் புதைத்தார். நீலப்பூ போட்ட ஒரு துண்டை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறார்.

கேட்ட அம்மாவை அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன். 1940 படத்தைத் திரும்பப் போடப்போகிறோம். அந்தத் தலையணை இடத்தில் நிறுத்தி, பூனை ஏன் இப்படி ஓடுகிறது என்று அவர் மகனிடம் கேட்க வேண்டும்.