சித்தப்பாவின் தாழ்சர்க்கரையும் ஊர் லேப்களும்

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி விடுமுறை லேப், டாக்டர் என்றே கழிந்தது. சித்தப்பாவுக்கு விடிகாலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கும். விரலில் குத்திப் பார்த்தால் 46. அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை, இன்சுலின் ஊசியும் போட்டதில்லை. ஆனால் சாப்பிட்ட பிறகு பார்த்தால் 200-ஐத் தாண்டுகிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். போனில் சொன்னால் காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், சாயங்காலம் வாட்ஸாப்பில் ரிப்போர்ட். நான் வசிக்கும் இடத்தில் டாக்டரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆனால் லேப்காரர்கள் 'ஆட்டோ இம்யூன் பேக்கேஜ்' (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறதா என்று பார்ப்பது) என்று தலையில் கட்டியது ஜிஏடி ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) டெஸ்ட். அது டைப் 1 சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிக்க உதவுவது. சர்க்கரை இப்படி இறங்குவதற்கான காரணத்தைச் சொல்லாது. இன்சுலின் அளவைச் சர்க்கரை இறங்கியிருக்கும்போது பார்த்தால்தான் அர்த்தம். இவர்கள் வந்ததோ அவர் சாப்பிட்ட பிறகு. இன்சுலின் எக்கச்சக்கம் என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஒரு பெரிய மருத்துவமனையில் கணையத்தில் கட்டி, ஸ்கேன், ஆபரேஷன் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் பார்த்த ஹார்மோன் டாக்டர் ஸ்கேனைப் பற்றிப் பேசவே இல்லை. "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? சத்து மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். பாத எரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கிய நரம்பு மாத்திரை வெளியே வந்தது. அதில் கந்தகக் கூறு உள்ள ஆல்ஃபா லிபோயிக் ஆசிட்.

சித்தப்பாவுக்கு வந்திருப்பது 'இன்சுலின் ஆட்டோ இம்யூன் சிண்ட்ரோம்', 1970-இல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் விவரித்த நோய். கந்தகக் கூறு உள்ள சில மருந்துகள், தைராய்டுக்குத் தரும் மெத்திமசோல் உட்பட, சிலருக்கு இன்சுலினுக்கு எதிராகவே ஆன்டிபாடியை உண்டாக்கிவிடும். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலினை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சர்க்கரை ஏறும், கணையம் மேலும் சுரக்கும். சில மணி நேரம் கழித்து, தேவையே இல்லாத வேளையில், பிடித்ததை விட்டுவிடும். கணையம் இன்சுலினோடு சேர்த்தே வெளிவிடும் சி-பெப்டைடோடு ஒப்பிட்டால் இன்சுலின் பொருந்தாத அளவுக்கு உயர்ந்திருப்பதை வைத்தே டாக்டர் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆன்டிபாடி இன்சுலினைத்தான் பிடிக்கும், சி-பெப்டைடை அல்ல.

செல்லில் இன்சுலின் போய் ஒட்டும் ஏற்பியையே தாக்கும் இன்னொரு வகை ஆன்டிபாடியும் உண்டாம். லூபஸ் என்ற ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர்களிடம் பார்க்கலாம். எவ்வளவு இன்சுலின் ஏற்றினாலும் சர்க்கரை மசியாது. சித்தப்பாவுக்கு அது இல்லை.

இன்சுலின் ஆன்டிபாடி டெஸ்டுக்கு சாம்பிள் வெளியூர் போக வேண்டியிருந்தது, வேகமெல்லாம் அங்கே நின்றுபோனது. முடிவு பாசிட்டிவ். மாத்திரையை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொன்னார். ஸ்டீராய்டு இப்போதைக்கு வேண்டாமாம். நான் கிளம்பும்போது விடிகாலை நடுக்கம் குறைந்திருந்தது. ஆன்டிபாடி இறங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அடுத்தடுத்த டெஸ்டுகளுக்குச் சித்தியே லேபுக்கு போன் போடுகிறார். "பேக்கேஜ் எதுவும் வேண்டாம்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாராம்.